கடல் காற்றுக்கு முன்னால் திருப்பிய பலகை

எனக்கு அறுபத்தெட்டு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று என் வயிற்றில் பிறந்தவை. நான்காவது என் தங்கை மகன். அவனை விட்டுவிட்டு யாராவது மூன்று என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். நான்கு பேரும் நல்ல வேலையில் இருக்கிறார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் நம்பர் படிக்கத் தெரியும், கடைப் பலகையில் பெரிய எழுத்தாக இருந்தால் கூட்டிக் கூட்டிப் படித்துவிடுவேன். படிப்பு அவ்வளவுதான். ஆனால் இருபது வருஷம், விமானங்கள் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று தரையிலிருந்து காட்டியவள் இந்தத் தேசம்மா. அதை நான் எந்தச் சபையிலும் சொல்லுவேன்.

அத்திப்பட்டு மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிகிற தூரத்தில், விமானம் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. சின்ன இடம், சின்ன ரன்வே. அங்கே போன மாதம் காற்றின் திசையைக் காட்ட விளக்குப் போட்ட புதுப் பலகை வைத்தார்களாம். பழைய மரப் பலகையைக் கொட்டகையில் பார்த்த புதுப் பிள்ளைகள், இது எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். "தேசம்மாவைக் கேளுங்கள்" என்று யாரோ சொல்ல, போன் வந்தது. பேசினால் முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி மதி எழுதுகிறாள்.

புல் வெட்டத்தான் என்னை அங்கே எடுத்தார்கள். விம்கோ நகரில் ரயில் ஏறினால் அத்திப்பட்டில் இறங்கி ஒரு நடை. புல் வெட்டுவது, ரன்வேயில் ஏறும் ஆடு மாடுகளை விரட்டுவது, நாய்க்குக் கல்லெறிவது. இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. பிறகு பலகை பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போக, துரைராஜ் சார் என்னைக் கூப்பிட்டார்.

துரைராஜ் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கம்பிக் கால்கள் மேல் நிற்கும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து ரேடியோவில் விமானங்களோடு பேசுவது அவர் வேலை. எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் சொல்லுவார். ஒருநாள் எருமை ஒன்று ரன்வேயில் படுத்துக்கொண்டது. அதனிடமும் "எழுந்திருங்கம்மா, வண்டி வருது" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும். ரொம்பக் கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்தக் கண்ணாடி கழன்றால் பெரிய பெரிய கேப்டன்களே எச்சில் விழுங்குவார்கள்.

முதல் நாள் பலகையைக் காட்டினார். நீளமாக ஒரு மரம், அதன் தலையில் குறுக்கே ஒரு குட்டை மரம். வெள்ளை அடித்து, நடுவில் ஓர் இரும்பு முளையில் மாட்டித் தரையோடு தரையாகக் கிடக்கும். ஒரு முனையைத் தள்ளினால் சுற்றும். விமானம் எப்போதும் எதிர்க்காற்றில்தான் இறங்க வேண்டும். எங்கள் ஊரில் கோடைக் காலைகளில் காற்று மேற்கே, ரயில் பாதைப் பக்கமிருந்து வரும். அதனால் விமானங்கள் கடல் பக்கமிருந்து வந்து மேற்கே முகம் காட்டி இறங்கும். பதினோரு மணி வாக்கில் கடல் காற்று எழும். அப்போது எல்லாம் தலைகீழ். ரயில் பாதைக்கு மேலே வந்து, கடலைப் பார்த்து இறங்க வேண்டும். குறுக்கு மரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முகம். மேலே இருந்து பார்க்கிற பிள்ளைக்கு இது போதும்.

"ரேடியோவில சொன்னாப் போதாதா சார்?" என்று கேட்டேன்.

"ரேடியோ வாயை மூடிக்கிச்சுன்னா?" என்றார்.

அப்புறம் முறையைச் சொன்னார். அவர் சன்னலைத் திறந்து, "கடல் காற்றுக்குத் திருப்புங்க" என்பார். நான் "சரி சார்" என்று சொல்லக் கூடாது. "கடல் காற்றுக்குத் திருப்புறேன் சார்" என்று அவர் சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டும். திருப்ப வேண்டும். இரண்டு கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். அவர் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவார். அவர் எழுதி முடித்தால்தான் நான் கையை இறக்கலாம். முதல் வாரம் பழக்க தோஷத்தில் "சரி சார்" என்றேன். "சரின்னா எது சரி?" என்று கேட்டு, மூன்று தடவை சொல்ல வைத்தார்.

கொஞ்ச வருஷத்தில் எனக்கு ஒரு வித்தை கைவந்தது. காற்றடிக்கிற திசையைக் காட்டக் கம்பத்தில் தொங்கும் காற்றுப் பை திரும்புவதற்கு முன்னாலேயே கடல் காற்று வருவதை நான் சொல்லிவிடுவேன். மின் நிலையப் புகை நிமிர்ந்து போய்க்கொண்டிருக்கும்; திடீரென்று இடுப்பில் ஒடிந்த மாதிரி உள்நாட்டுப் பக்கம் வளையும். பின்கழுத்தில் ஈரத் துணி பட்ட மாதிரி இருக்கும். அப்போதிலிருந்து பத்து நிமிஷத்துக்குள் சார் சன்னலைத் திறப்பார். ஒருநாளும் தப்பியதில்லை. இதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பெருமைதான் அன்றைக்கு என் கையைப் பிடித்துத் தள்ளியது.

அப்போது எனக்கு ஐம்பத்தைந்து வயது. தீயணைப்பு வண்டி ஓட்டுகிற மாரி, கொருக்குப்பேட்டைக்காரன், என் பக்கத்தில் நிழலுக்கு உட்கார்ந்திருந்தான். மேலே இரண்டு விமானங்கள். ஒன்றில் மாத்யூ கேப்டன் ஒரு மாணவனை வைத்துக்கொண்டு இறங்கி ஏறிப் பழக்கிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் யசோதரா தனியாகப் போயிருந்தாள். வியாசர்பாடி குடியிருப்பில் இருந்து வந்த பெண். அப்பா ரயில்வேயில் கலாசி. உதவித்தொகையில் படித்தாள். பெரிய தப்பு ஒன்று பதிவானால் உதவித்தொகை நின்றுவிடும், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். காலையில் போகும்போதுகூட என்னிடம், "யக்கா, வந்து சாப்புடறேன், எனுக்குக் கொஞ்சம் கருவாட்டுக் கொழம்பு எடுத்து வையி" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாள்.

புகை வளைந்தது. கழுத்தில் ஈரம் பட்டது.

"வந்துட்சி" என்றேன்.

மாரி காற்றுப் பையைப் பார்த்தான். "இன்னாத்த வந்துட்சி? பை இன்னும் மேக்குக் காத்துலதான் தொங்கிகினு கீது. காத்து இன்னா, உன் வூட்டுக்கு மட்டும் முன்னாடியே லெட்டர் போடுதா?"

"பத்து நிமிசத்துல சார் கூவுவாரு பாரு."

"கூவ மாட்டாரு. ஒரு போண்டா பந்தயம்."

"ஒரு போண்டாக்கு நான் வாயத் தொறப்பனா? நாலு வையி. இப்பவே திருப்பி வெச்சிட்டு ஒக்காந்துகினு இருக்கேன். சார் கூவும்போது, 'அது அப்பவே ஆச்சி சார்'னு சொல்றேன். உன் மூஞ்ச அப்பப் பாக்கணும்."

எழுந்து போய் ஒரே தள்ளு. பலகை கடலைப் பார்த்துத் திரும்பியது. நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி ஒன்று அப்போது மின் நிலையத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. சார் பார்க்கவில்லை. கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் தரையோடு கிடக்கும் பலகை புல்லில் மறைந்துவிடும். அது மேலே இருப்பவர்களுக்கானது. தவிர, சார் அந்த நேரத்தில் ரேடியோவில் யசோதராவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை. பதில் இல்லை. அவள் ரேடியோ வாயை மூடிக்கொண்டது.

ரேடியோ போனால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. உயரத்தில் வந்து பலகையைப் பார்க்க வேண்டும். பார்த்தேன் என்பதற்கு இறக்கைகளை ஆட்ட வேண்டும். பலகை காட்டுகிறபடி இறங்க வேண்டும். யசோதரா அப்படியே செய்தாள். எங்கள் தலைக்கு மேலே உயரத்தில் வந்தாள், இறக்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். சன்னலில் சார் முகம் தெளிந்தது. "பார்த்துட்டா. நல்ல பொண்ணு" என்று அவர் சொன்னது கீழே எனக்குக் கேட்டது.

எனக்கு உறைக்கவேயில்லை. போண்டா நினைப்பில் இருந்தேன்.

அவள் மேற்கே, ரயில் பாதைப் பக்கம் போனாள். நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கடல் பக்கம் திரும்பினால், மாத்யூ கேப்டன் மேற்கே முகம் காட்டி இறங்க வருகிறார். ஒரே ரன்வே. இந்த முனையிலிருந்து ஒருவர், அந்த முனையிலிருந்து ஒருத்தி. அப்போதுதான் நான் திருப்பி வைத்த பலகை நினைவுக்கு வந்தது.

"சார்! ரயில் பக்கம் பாருங்க சார்! பொண்ணு அந்தாண்டேர்ந்து வருது!"

கத்தினேன். கத்திக்கொண்டே ஓடிப்போய்ப் பலகையை மறுபடி மேற்கே தள்ளினேன். அதை எதற்குத் தள்ளினேன் என்று பின்னால் சொல்கிறேன்.

துரைராஜ் சார் என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தொலைநோக்கியில் ஒரு பார்வை. சுவரில் மாட்டியிருந்த வெளிச்சத் துப்பாக்கியை எடுத்துச் சன்னல் வழியாகச் சுட்டார். சிவப்பு உருண்டை ஒன்று சீறிக்கொண்டு மேலே போனது. சிவப்பு என்றால் இறங்காதே, மேலே ஏறு. இரண்டு விமானங்களும் அதைப் பார்த்தன, இரண்டும் ஏறின. ஆனால் எதிரும் புதிருமாக அல்லவா வந்தன? தரையில் மோத இருந்தது, இப்போது ஆகாயத்தில் மோதப் போகிறது. எங்கள் தலைக்கு நேர் மேலே.

மாரி என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. அந்தப் பெண்ணின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எதிரே வண்டி வந்தால் அவரவர் வலது கைப் பக்கம் ஒதுங்க வேண்டும், இது ஆகாயத்துச் சட்டம். சார் ரேடியோவில் மாத்யூ கேப்டனுக்குச் சொல்லிவிட்டார். ரேடியோ செத்துப்போன அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லுவது? தனியாக விமானம் ஓட்டி முழுசாக மூன்று வாரம் ஆகாத பெண்.

கேப்டன் விமானம் வடக்கே சாய்ந்தது. ஒரு மூச்சு விடும் நேரம். யசோதராவின் விமானம் அப்படியே நேராக வந்தது. அப்புறம், அப்பா, சாய்ந்தது! தெற்கே, அவள் வலது கைப் பக்கம், இறக்கை தரையைப் பார்க்கும்படி. இரண்டு நிழலும் எங்கள் மேல் ஒரே சமயத்தில் ஓடின. நடுவில் ஒரு பனைமரத்தைப் படுக்கப் போட்டிருந்தால் இரண்டு பக்கமும் இடித்திருக்கும். அவள் காதில் மாட்டியிருந்த கருப்புக் கிண்ணம்கூட எனக்குத் தெரிந்தது. சத்தம் ஓய்ந்தபோது இரண்டும் இரண்டு பக்கம் ஏறிப் போய்க்கொண்டிருந்தன.

உடனே கடல் காற்று முழுசாக வந்தது. காற்றுப் பை ஒரு குதி குதித்துத் திரும்பியது. சார் சன்னலில் நின்று, அதே குரலில், "தேசம்மா, கடல் காற்றுக்குத் திருப்புங்க" என்றார்.

"கடல் காற்றுக்குத் திருப்புறேன் சார்."

திருப்பினேன். கையைத் தூக்கினேன். அவர் எழுதினார். இரண்டு விமானங்களும் ரயில் பாதைக்கு மேலே வந்து, ஒன்றன் பின் ஒன்றாக, பூ வைத்த மாதிரி இறங்கின.

இப்படி ஏதாவது நடந்தால் சாரிடம் ஒரு வழக்கம் உண்டு. முதலில் எல்லோருக்கும் டீ. குடித்து முடிக்கும் வரை யாரும் பேசக் கூடாது. பிறகு ஒவ்வொருவரும் தன் கை செய்ததை மட்டும் சொல்ல வேண்டும். அடுத்தவன் செய்ததைச் சொல்லக் கூடாது. ஓட்டுகிறவர்கள் பெஞ்சில் உட்காருவார்கள். எங்களைப் போன்றவர்கள் வாசலுக்கு வெளியே நிற்போம். எங்களை யாரும் கேட்பதில்லை.

மாத்யூ கேப்டன் முதலில் சொன்னார். "நான் சுற்றி வரும்போது பலகையைப் பார்த்தேன். மேற்கே இருந்தது. கடைசியாகத் திரும்பி இறங்க வரும்போதும் பார்த்தேன். மேற்கேதான் இருந்தது."

அவர் பொய் சொல்லவில்லை. நான் தள்ளுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்திருக்கிறார், திருப்பித் தள்ளிய பிறகு ஒரு தடவை பார்த்திருக்கிறார்.

யசோதரா எழுந்து நின்றாள். "சார், நான் பாக்கச்சொல்ல கெயக்காலதான் சார் இருந்துச்சி. கடலப் பாத்துகினு. நல்லாப் பாத்துட்டுத்தான் சார் ரெக்கைய ஆட்னேன்."

துரைராஜ் சார் நோட்டைப் புரட்டினார். பலகை ஒரே ஒரு தடவைதான் திருப்பப்பட்டதாக அதில் இருந்தது, அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. அவர் நோட்டு பொய் சொல்லாது என்று அந்த இடத்தில் எல்லோருக்கும் தெரியும். யசோதராவுக்கும் தெரியும். அவள் குரல் சின்னதாகிவிட்டது.

"நானே தப்பாப் பாத்துட்டனா சார்?"

மாரி என்னைப் பார்த்தான். அவன் வாயைத் திறக்க முடியாது. அது அவன் கை செய்ததில்லை. என் காதோரம், "யக்கா, நா சொல்ல மாட்டேன். உன் இஷ்டம்" என்றான். எனக்கு அந்த நேரத்தில் ஓடியது என்ன தெரியுமா? கடைசிப் பிள்ளை, அதுதான் தங்கை மகன், அப்போது பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். இந்த வேலை போனால் அவன் படிப்பு போகும். சும்மா நின்றால் போதும், ஒன்றும் போகாது. போகிறது அந்தப் பெண்ணுடையது.

சார் கேட்டார்: "இன்னும் யாராவது?"

வழக்கமாக அது பெஞ்சைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. நான் வாசலைத் தாண்டி உள்ளே போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தப் பொண்ணு சரியாத்தான் பாத்துச்சி சார். நான்தான் திருப்பினேன். நீங்க சொல்லாமலே."

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "எப்போ?"

"கரி வண்டி உள்ளாற போச்சே சார், அப்போ."

எழுதினார். "எதுக்கு?"

"மாரி கிட்ட போண்டா பந்தயம் சார். நாலு போண்டா. நீங்க எப்படியும் சொல்லுவீங்கன்னு…"

யாரோ சிரித்தது மாதிரி இருமினார்கள். சார் சிரிக்கவில்லை. "கேப்டன் கடைசியாப் பார்க்கும்போது மேற்கே இருந்ததே?"

இதுதான் கஷ்டமான கேள்வி. "ரெண்டும் எதிர எதிர வர்றதப் பாத்து, ஓடிப் போயி மறுபடி தள்ளிட்டேன் சார்."

"சரி பண்ணவா, மறைக்கவா?"

"சரி பண்ணலாம்னு பாதி சார். மறைக்கலாம்னு பாதி."

சார் அதையும் எழுதினார். மாத்யூ கேப்டன் எழுந்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் யசோதராவிடம் போய், "நான் வடக்கே திரும்பும்போது நீ நேராக வந்தாய். பயந்துவிட்டேன். ஆனால் சரியான பக்கம் திரும்பினாய். நான் உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு" என்றார். அவள் அப்போதுதான் அழுதாள்.

எனக்குத் தண்டனை உண்டு. பதினைந்து நாள் பலகையைத் தொடக் கூடாது, புல்வெட்டு மட்டும். வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றவளுக்கு அது சர்க்கரைப் பொங்கல் மாதிரி இருந்தது. வெளியே வந்தால் யசோதரா என் குழம்புத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"யக்கா, நாலு போண்டாக்கு என்ன மேல அனுப்பப் பாத்தியே! கொறஞ்சது ஒரு பிரியாணிக்காவது அனுப்பி இருக்கக் கூடாதா?"

"துன்னு முதல்ல" என்றேன். அவள் தூக்கை வழித்துச் சாப்பிட்டாள். மாரி போய் உண்மையிலேயே நாலு போண்டா வாங்கி வந்தான். "காத்து வந்துட்சி இல்ல, நீதான் ஜெயிச்ச" என்றான். நான் தொடவில்லை. அதையும் அவளே தின்றாள்.

பதினாறாம் நாள் காலையில் பலகையண்டை போனேன். முளையில் புதிதாக ஒரு சங்கிலி, ஒரு பூட்டு. சரிதான், இனிமேல் நம் கைக்கு வேலையில்லை என்று நினைத்தேன். சார் கீழே இறங்கி வந்தார், சாவியை என் கையில் வைத்தார்.

"உங்க கிட்டயே இருக்கட்டும் தேசம்மா. நான் சொன்னா நீங்க திருப்பிச் சொல்லிட்டுத்தான் திறக்கணும்."

"சரி ச… நீங்க சொன்னா, நான் திருப்பிச் சொல்லிட்டுத்தான் திறப்பேன் சார்."

அவர் முகத்தில் சிரிப்பு வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். போகிறவர் நின்று திரும்பினார். "அப்புறம் ஒண்ணு. கழுத்துல ஈரம் பட்டா உடனே எனக்குச் சொல்லணும். பலகைக்கு இல்ல, எனக்கு."

அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும் வரை, தினமும் பதினோரு மணிக்கு முன்னால் சன்னல் திறக்கும். "காற்று என்ன சொல்லுது தேசம்மா?" என்று கேட்பார். நான் சொல்வேன். அவர் அதை ரேடியோவில் மேலே இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்வார்: "இன்னும் பத்து நிமிஷத்தில் கடல் காற்று எதிர்பார்க்கப்படுகிறது." என் கழுத்து சொன்னது ஆகாயம் முழுக்கப் போகும். நான் கீழே ஆடு விரட்டிக்கொண்டே நிமிர்ந்து நடப்பேன்.

யசோதரா இப்போது பெரிய விமானம் ஓட்டுகிறாள். மாதம் ஒரு தடவையாவது போன் வரும்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் விளக்குப் பலகையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். யாரும் தள்ளித் திருப்ப முடியாதாம், இன்னும் சந்தோஷம்.

இத்துடன் முடிக்கலாம் என்றால், மதி பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"ஆயா, அந்தப் பந்தயம் இருக்கட்டும், ஜோக்கா கீது. ஆனா நீ பலகையத் திருப்பித் தள்ளினது, அதுக்கு நீ சொன்னது… அத்த எடுத்துடலாமே. அவங்க எல்லாம் உன்னப் பெருசா நெனச்சிகினு கீறாங்க."

"எடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப மொதல்லேர்ந்து வேணாம். சார் கேட்டாரே, அந்த எடத்துலேர்ந்து படி. மெதுவாப் படி. நான் சொன்னது அப்படியே கீதான்னு கேக்கறேன்."